கற்புக்கனலின் மச்சம்

"காம்பில இருக்கேக்க நீங்கள் படத்தில நடிச்சனீங்களாம். மெய்தானோ?"

மெற்றில்டா இதைக் கேட்டபோது தேத்தண்ணீர்க் கோப்பை லூர்த்தம்மாவின் உதட்டில் இருந்தது. நேரம் பார்த்துத்தான் கேட்டாள். வாயில் தேத்தண்ணீரை வைத்துக்கொண்டு யாராலும் உடனே பொய் சொல்ல முடியாது.

லூர்த்தம்மா விழுங்கிவிட்டுக் கோப்பையை வைத்தாள்.

"ஓம். ஒரு நாள்."

"ஒரு நாளோ, ஒரு வரியமோ. நடிச்சது நடிச்சதுதானே."

பள்ளிமுனையில் மெற்றில்டாவின் வீட்டு விறாந்தை அது. கலியாணப் பேச்சுக்காகத் தலைமன்னாரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள் லூர்த்தம்மாவும் மகள் ஜெனிஸ்ராவும். ஜெனிஸ்ரா முன்பள்ளி ஆசிரியை. மெற்றில்டாவின் மகன் ஜெனோஜனும் அவளும் மூன்று வருடமாகப் பழகுகிறார்கள். சீதனமாகத் தலைமன்னார் வீட்டை எழுதிக் கொடுப்பதென்று ஏற்கெனவே பேசி முடிந்திருந்தது. திகதி குறிப்பது மட்டும்தான் பாக்கி.

ஜெனோஜன் கதவோரத்துக் கதிரையில் இருந்தான். காற்றாலையில் வேலை. பனைகளெல்லாம் புல்லாகத் தெரியும் உயரத்துக்கு ஏறி இறங்குகிறவன். தாய்க்கு முன்னால் கதிரையை விட்டு எழும்ப மாட்டான்.

"ஆர் சொன்னது?" என்றாள் ஜெனிஸ்ரா.

"ஆர் சொன்னா என்ன பிள்ளை? இந்தியாவில மண்டபம் அகதிக் காம்பில இருந்து வந்த சனம் இந்தத் தெருவிலயும் இருக்குது. கடலுக்க குதிச்சவவாம். நனைஞ்ச சீலையோட. கமறாவுக்கு முன்னால. அவ்வளவு ஆம்பிளையள் பாத்துக்கொண்டு நிக்க."

"அரிசி மூட்டை ஒண்டு தந்தவங்கள். காம்பில நாங்கள் ஏழு பேர்" என்றாள் லூர்த்தம்மா.

"நான் குறையாச் சொல்லேல்லை. நாளைக்கு ஊர் கதைக்கும். அதைத்தான் சொல்லுறன். ஊர் வாயை மூட எங்களுக்கும் ஏதாவது வேணும்தானே." மெற்றில்டா சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். "உயிலங்குளத்தில உங்களுக்கு வயல் ஒண்டு இருக்காம்."

அந்த வயல் பிரான்சிலிருக்கும் தம்பி வாங்கிக் கொடுத்தது. இரண்டு ஏக்கர். புருசன் கடலில் போன பிறகு அதுதான் லூர்த்தம்மாவுக்குச் சோறு போடுகிறது. வீட்டையும் கொடுத்து வயலையும் கொடுத்தால் அவள் தலைமன்னார்ப் பாலத்தடியில் போய் இருக்க வேண்டியதுதான். ஜெனிஸ்ரா ஜெனோஜனைப் பார்த்தாள். அவன் தொலைபேசியைப் பார்த்தான்.

இந்த இடத்தில் மெற்றில்டாவின் புருசன் சந்தியோகு தொண்டையைச் செருமினார். ஓய்வு பெற்ற தபாலதிபர். ஊரில் 'மாஸ்ரர்' என்பார்கள். சங்கடமான பேச்சு வந்தால் அவருக்குப் போக ஒரே ஓர் இடம்தான் உண்டு: பழைய சினிமா. 'திரையில் எரிந்த தீபங்கள்' என்று யூடியூப்பில் ஒரு சனல் நடத்துகிறார். பழைய நட்சத்திரங்களின் வாழ்க்கை வரலாறு. கனடாவிலும் லண்டனிலும் இருந்து நாலாயிரம் பேர் பார்க்கிறார்கள். அதில் முக்கால்வாசியும் ஒரே நடிகையைப் பற்றியது. கற்புக்கனல் புஷ்பலோசனி.

"கலைஞர்களின்ர வாழ்க்கையை நாங்கள் தராசில போடக் கூடாது" என்று தொடங்கினார். அதுதான் ஒவ்வொரு பகுதியிலும் அவருடைய முதல் வசனம். "புஷ்பலோசனி அம்மாவை எடுங்கோ. ஏழு வயதில நாடகக் கொம்பனி. பதினாலில கொம்பனி முதலாளிக்குத் தாலி. பிறகு ஒரு தயாரிப்பாளர். பிறகு, வீட்டில ரெண்டு பெண்சாதி இருந்த ஒரு நடிகர். நாலாவதைப் பற்றிச் சரியான தகவல் இல்லை. ஒன்பது கார் வைச்சிருந்த மனுசி வாடகை அறையில செத்துது. தெய்வம்! கும்பிட வேண்டிய பிறவி!"

"அவவின்ர கதை வேற" என்றாள் மெற்றில்டா.

"அது வேறதான்" என்றார் சந்தியோகு உடனே. "நான் கலையைச் சொன்னனான். இது குடும்பக் கதை."

தராசு வந்த வழியே திரும்பிப் போனது.

அவர் சுவரைக் காட்டினார். இருதய ஆண்டவர் படத்துக்கு நேர் எதிரே, அதைவிடப் பெரிய சட்டத்தில் ஒரு படம். சுற்றிவரச் சின்னச் சின்ன மின்குமிழ்கள். பிறேம் கடையில் கொடுத்துப் பெருப்பித்தது. ஒரு பெண் அலையிலிருந்து எழும்புகிறாள். முதுகுதான் தெரிகிறது. நனைந்த வெள்ளைச் சேலை. இடது தோளில் கறுப்பாக, புளியங்கொட்டை அளவில் ஒன்று.

"கடைசிப் படம். தொண்ணூற்றொண்டில தனுஷ்கோடிக் கரையில எடுத்தது. மானத்தைக் காக்கக் கடலுக்க குதிக்கிற கட்டம். டூப் வேண்டாம் எண்டு தானே குதிச்சவ. ஐம்பத்தெட்டு வயது! அந்த முதுகைப் பாருங்கோ! அந்த மச்சத்தைப் பாருங்கோ! இடது தோள் மச்சம் நாடாளும் எண்டுவினம். அந்த மச்சத்துக்கு மட்டும் ஒரு முழுப் பகுதி செய்தனான். ஆறாயிரம் பேர் பாத்தவங்கள்."

லூர்த்தம்மா எழுந்து படத்துக்குக் கிட்டப் போனாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது மச்சமில்லை மாஸ்ரர்."

"என்ன?"

"ஷெல் துண்டு பட்ட காயம். தொண்ணூறாம் ஆண்டு, இந்தியாவுக்கு வள்ளம் ஏறுறதுக்கு முதல் நாள். இது என்ர முதுகு."

படத்தைச் சுற்றி மின்குமிழ்கள் சிவப்பும் பச்சையுமாக எரிந்து அணைந்தன.

"அந்த அம்மா காருக்குள்ள இருந்தவ. மூச்சு வாங்கிற வருத்தம். தண்ணியில கால் வைக்கேல்லை. காம்பில நீந்தத் தெரிஞ்ச பெட்டை வேணும் எண்டு கேட்டு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனவங்கள். மேக்கப்காரன் காயத்துக்கு மேல மா அப்பினான். மூண்டு தரம் குதிச்சன். மூண்டு தரமும் கடல் கழுவிப்போட்டுது. நாலாந்தரம், கிடக்கட்டும் எண்டு விட்டுட்டாங்கள்." லூர்த்தம்மா படத்திலிருந்து கண்ணை எடுத்தாள். "அந்த அம்மா மட்டும்தான் கூப்பிட்டுத் துவாய் தந்தவ. 'வலிக்குதாம்மா' எண்டு கேட்டவ. வேற ஒருத்தரும் கேக்கேல்லை."

அவள் சேலையைத் தோளிலிருந்து சற்று விலக்கினாள். உயர்த்தித் தைத்த இரவிக்கைக் கழுத்தை விரலால் இழுத்து இறக்கியபோது தழும்பு தெரிந்தது. சந்தியோகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். தோளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். திரும்பத் தோளைப் பார்த்தார். புளியங்கொட்டை அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தது.

மெற்றில்டா கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஒவ்வொரு வருடமும் நடிகையின் நினைவு நாளில் அந்தப் படத்துக்கு மல்லிகைச் சரம் போடுகிறவள் அவள்தான்.

முதலில் தெளிந்தவர் சந்தியோகு.

"இது வேற ஆருக்கும் தெரியுமோ?"

"நான் சொன்னதில்லை."

"சரி. அப்ப இப்பிடிச் செய்வம்." குரல் தபால் கந்தோர்க் குரலாக மாறியிருந்தது. "வயல் வேண்டாம். கலியாணத்தை வாற மாதமே வைப்பம். இந்தக் கதை மட்டும் இந்த விறாந்தையை விட்டுப் போகப்படாது. நீங்கள் ஒரு படத்திலயும் நடிக்கேல்லை. ஆரும் கேட்டாலும் நடிக்கேல்லை. கனடாவில இருந்து அந்த மச்சத்துக்குக் கவிதை எழுதி அனுப்பியிருக்கிறாங்கள், அம்மா."

"கேட்டியளே?" மெற்றில்டாவும் சேர்ந்துகொண்டாள். "நல்ல மனசோடதான் சொல்லுறார். ரெண்டு பக்கத்துக்கும் மரியாதை."

ஜெனிஸ்ரா சிரித்துவிட்டாள். சிரிக்க வேண்டிய இடமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"அங்கிள், அம்மா நடிச்சதுக்கு இரண்டு ஏக்கர் வயல். நடிக்கேல்லை எண்டு நடிச்சா வயல் இல்லை. அப்பிடித்தானே?"

லூர்த்தம்மா மகளைக் கையமர்த்தினாள். ஜெனோஜனைப் பார்த்துக் கேட்டாள்.

"தம்பி, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

அவன் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினான். ஜெனிஸ்ராவைப் பார்த்தான், தாயைப் பார்த்தான்.

"அப்பா சொல்லுறதுதான் எல்லாருக்கும் நல்லம் போல கிடக்குது அன்ரி."

"சரி தம்பி." லூர்த்தம்மா கைப்பையை எடுத்தாள். "ஆரும் கேட்டா நான் நடிச்சனான் எண்டுதான் சொல்லுவன். வாங்கோ பிள்ளை, பஸ் போகப்போகுது."

படலைவரை அவர்களை ஒருவரும் வழியனுப்பவில்லை. பஸ்ஸில் ஜெனிஸ்ரா யன்னல் பக்கம் திரும்பி அழுதாள். தாய் தடுக்கவில்லை. மூன்று வருடத்துக்கு அவ்வளவாவது அழத்தான் வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை சந்தியோகு ஒரு சிறப்புப் பகுதி வெளியிட்டார். தலைமன்னாரிலிருந்து கதை கிளம்புவதற்குள் தானே முந்திக்கொள்வதுதான் புத்தி என்று தீர்மானித்திருந்தார். நீண்ட ஆராய்ச்சிக்குப் பிறகு புதிய உண்மை ஒன்று தெரிய வந்திருப்பதாகக் கண் கலங்கிச் சொன்னார். கடற்காட்சியில் குதித்தது புஷ்பலோசனி அல்ல. பம்பாயிலிருந்து விமானத்தில் வரவழைக்கப்பட்ட ஒரு நீச்சல் வீராங்கனை. பெரிய இடத்துப் பெண். குடும்ப கௌரவம் கருதிப் பெயரை வெளியிடவில்லை.

ஒன்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

ஜெனிஸ்ரா தாயை முற்றத்து வெளிச்சத்தில் திருப்பி நிறுத்தித் தோளைப் படமெடுத்தாள். அதைத் தன் முகநூலில் போட்டாள். 'பம்பாய் வீராங்கனையின் வீடு தலைமன்னாரில் இருக்கிறது. எங்களுடைய அம்மா' என்று எழுதி, அந்த இணைப்பைச் சந்தியோகுவின் காணொளிக்குக் கீழே கருத்தாகப் பதிந்தாள். முகநூல் படத்துக்கு முதல் விருப்பம் ஜெனோஜனுடையது. ஐந்து நிமிடத்தில் அந்த விருப்பம் காணாமற் போனது. பத்து நிமிடத்தில் காணொளியின் கீழிருந்த கருத்தும் காணாமற் போனது. அவள் மறுபடி பதிந்தாள். ஜெனோஜனின் இலக்கத்தையும் தொலைபேசியிலிருந்து அழித்தாள்.

மறுநாள் லூர்த்தம்மா ஒரு இரவிக்கைத் துணியோடு தையல்காரி துசாந்தினியிடம் போனாள்.

"கழுத்தைப் பின்னால இறக்கித் தை பிள்ளை."

"எவ்வளவு மாமி? நீங்கள் எப்பவும் கழுத்துவரைக்கும் மூடித்தானே போடுறனீங்கள்."

"தோள் தெரியிற அளவுக்கு."

பள்ளிமுனைக் கோயில் திருவிழா அந்த மாதக் கடைசியில் வந்தது. லூர்த்தம்மா தலைமன்னாரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாள். பெண்கள் பக்கத்தில் இடம் நிறையக் கிடந்தது. அவள் நின்று, பார்த்து, மெற்றில்டா முழங்காலில் இருந்த வாங்குக்கு நேர் முன்வாங்கில் போய் அமர்ந்தாள். சேலைத் தலைப்பை இடது தோள் தெரிய இழுத்து முன்னால் சொருகிக்கொண்டாள்.

திருவிழாப் பூசை. மூன்று குருக்கள், நீண்ட பிரசங்கம். மெற்றில்டா பீடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தத் தோளுக்கு மேலாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது.