பின் கரியரில்

...கண் நல்லம் என்று மட்டும்தானே அவளிடம் சொன்னான், டொக்டர் சொன்ன மற்றதைச் சொல்லவில்லை, கொக்குவில் வரைக்கும் வந்தாயிற்று, இன்னும் சொல்லவில்லை. கதிரவேலு சைக்கிள் கரியரில் கால்களை ஒரு பக்கமாகத் தொங்கப்போட்டபடி வலக்கண்ணைப் பொத்திக்கொண்டான். முன்னால் உழக்கிக்கொண்டிருந்த மனைவி பாலேஸ்வரியின் பின்கழுத்து வியர்வை, சட்டையில் குத்திய ஊசி, ஊசியின் வளைவுகூட இடக்கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு கறுப்பு நூல் மட்டும் குறுக்கே மிதந்தது, அது கிடக்குமாம், கிடக்கட்டும்... ஒன்பது மாதத்துக்கு முன் இந்தக் கண்ணுக்கு அவள் முழுவதுமே ஒரு புகைதான். முதலில் கரித்தூள்போல் மிதந்தபோது ஜாம்போத்தல் விளக்கின் கரி என்று நினைத்து எத்தனை நாள் கண்ணைக் கழுவினான், திரி சரியில்லை என்று அவளோடு சண்டைகூடப் பிடித்தான், பாவம் அந்தத் திரி. கரி உள்ளே அல்லவா இருந்தது. கண்ணின் இரத்தக்குழாய்கள் அழன்று கசிகின்றன, காரணம் கசம், காசநோய்தான் என்றார் டொக்டர். ஒரு இருமல் கிடையாது, சளி கிடையாது, கசம் எப்படிக் கண்ணுக்குப் போகும்? கவனிக்காவிட்டால் இரண்டு கண்ணுமே போகலாம், பாரம் தூக்கக்கூடாது, சைக்கிள் ஓடக்கூடாது... அன்றைக்கே பாலேஸ்வரி கைப்பிடியைப் பறித்துக்கொண்டு, ஏறுங்கோ என்றாள். கசத்துக்குக் குளிசை விழுங்கத் தொடங்கியதும், அந்த மருந்தின் நிறத்தில் கண்ணீர்கூடச் செம்மஞ்சளாகத்தான் வந்தது. "அழுதால் தலகாணி உறை பழுதாப்போம், பேசாமல் படுங்கோ" என்றாள், அழ வந்தவன் சிரித்துவிட்டான்.

சந்திக் கடை கனகரத்தினம் வழக்கம்போல வாசலுக்கு வந்து, "மாப்பிள்ளை எழுந்தருளி வாறார், வழி விடுங்கோ" என்றார். முதல் மாதம் அதைக் கேட்டுச் செத்துவிடலாம் போலிருந்தது, இன்று கையை உயர்த்தி ஆசீர்வாதம் கொடுத்தான். சண்டையில் தண்டவாளம் கழற்றப்பட்டுப்போன ரயில் கடவையில் சைக்கிள் குலுங்க, அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். இந்த முதுகுக்குப் பின்னால் ஒன்றும் கதைக்காமல் இருந்த ஒன்பது மாதம்... கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் இவ்வளவு நேரம் அவளோடு எப்போது இருந்தான்? கசிவு நிண்டிட்டுது, இனி நீரே சைக்கிள் ஓடலாம் என்று டொக்டர் சொன்னதை இப்போது சொன்னால், அவள் இறங்கிவிடுவாள்.

"டொக்டர் வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை."

அவள் தோள் மெல்லக் குலுங்கியது, இருமலா, சிரிப்பா? மானிப்பாய்க்குத் திரும்புகிற குறுக்கொழுங்கை வந்தது, வழக்கமாகத் திரும்புகிற இடம், இடக்கண்ணாலேயே தெளிவாகப் பார்த்தான், அவள் திரும்பாமல் நேரே சுற்றுப்பாதையில் விட்டாள், அதுவும் ஆறுதலாக, மெல்ல மெல்ல உழக்கிக்கொண்டு... டொக்டரின் அறைக்கதவு திறந்துதானே கிடந்தது, அவள் காத்திருந்த வாங்குப் பலகை கதவுக்கு எந்தப் பக்கம்?