அளந்தால் சுருங்கும் மனை

அந்த மனை, அளந்து முடித்து டேப்பைச் சுருட்டியதும் இரண்டடி சுருங்கிவிடும். இது தெரியாமல்தான் அக்காவும் தம்பியும் ஒன்பது வருடம் கோர்ட்டுக்கு நடந்தார்கள்.

அக்கா தையற்காரி, தம்பி வாட்ச் ரிப்பேர்காரர். அப்பா பிரித்துக் கொடுத்த அடுத்தடுத்த வீடுகள். நடுவில் ஒரு எல்லைக்கல். தம்பி வீட்டுச் சுவரிலிருந்து கல்வரை முப்பதடி என்று அப்பா காலத்துச் சர்வேயில் இருந்தது. கல்லை ஒட்டி அக்கா தன் பக்கத்தில் ஒரு தையல் அறை கட்டினாள். பிழைப்பே அந்த அறைதான். ஒருநாள் தம்பி சும்மா இருக்காமல் சர்வேயரைக் கூப்பிட்டு அளந்து பார்த்தார். இருபத்தெட்டுதான் வந்தது. அக்கா கல்லை நகர்த்திவிட்டாள், அறையை இடிக்க வேண்டும் என்று வழக்குப் போட்டார். "கல்லத் தொட்டிருந்தா என் கை விளங்காமப் போகட்டும்" என்று அக்கா வாசலில் நின்று கத்தினாள். அதோடு அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

கோர்ட் மறுபடி அளக்கச் சொன்னது. இருபத்தாறு. அக்கா ஆட்சேபித்தாள், மறுபடி அளந்தார்கள். இருபத்துநாலு. டேப்பின் ஒரு முனையை வாதியும் மறுமுனையை எதிர்வாதியும் பிடிக்க வேண்டும் என்பது அந்த சர்வேயரின் கண்டிப்பான வழக்கம். பின்னால் யாரும் அவரைக் குறை சொல்லக் கூடாதாம். ஆகவே வருடத்துக்கு ஒரு தடவையாவது இருவரும் எதிரெதிரே நின்றார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. முற்றத்துக் கொடிக்கயிறு ஒவ்வொரு முறையும் தொய்ந்துபோகும். தம்பி மனைவி முனகிக்கொண்டே அவிழ்த்து இறுக்கிக் கட்டுவாள். மிச்சக் கயிறு ஒரு கூடை சேர்ந்தது.

அடுத்த அளவு வந்ததும் அறையை இடித்துவிடலாம் என்று நீதிபதி கடைசியாக உத்தரவு போட்டார். அக்கா மெஷினை மூட்டை கட்டி வைத்துவிட்டு வந்து நின்றாள். பாவம், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அன்றைக்கு நடுவில் மிஞ்சியிருந்தது நாலடி. கேஸ் கட்டைப் பிரித்துப் பழைய தாள்களைப் புரட்டிய சர்வேயர், அப்படியே நின்றுவிட்டார்.

"ஒவ்வொரு தடவையும் சரியா ரெண்டடிங்க. உங்கப்பா காலத்துல அளந்தப்பவே ஆரம்பிச்சிருக்கு. கல்ல யாரும் நகர்த்தல. அளந்தா சுருங்குது, அவ்வளவுதான். சரி, முனையப் பிடிங்க."

தம்பி முனையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாலடி தூரத்தில் முகத்தைத் திருப்பவும் இடமில்லை. அக்கா அவரையே பார்த்தாள்.

"என்னடா, பட்டன் தொங்குது? அவ பாக்கலையா?"

"பாத்தா. உங்கக்காகிட்டக் குடுன்னுட்டா."

"கழட்டிக் குடு."

தம்பி டேப்பைக் கீழே போட்டார். "தப்புப் பண்ணிட்டேன்க்கா" என்றபடி சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். வெறும் பனியனோடு கல்லின்மேல் உட்கார்ந்து அழுதார். அக்கா மூட்டையைப் பிரித்து ஊசியைத் தேடினாள். சர்வேயர் அன்றைய தாளில் 'அளக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாய்தாவிலேயே வழக்கு வாபஸ்.

மூன்று வருடம் கழித்து ஒரு காலையில் கொடிக்கயிறு விறைத்து, பட்டென்று அறுந்து, துணியெல்லாம் மண்ணில் கிடந்தது. அளக்காமல் விட்ட மனை வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. தம்பி மனைவி கடைக்குப் போய்க் கயிறு கேட்டாள். எத்தனை அடி என்று கடைக்காரர் கேட்கவில்லை. ஊருக்கே விஷயம் தெரியும். முழுச் சுருளையும் அப்படியே எடுத்துக் கொடுத்தார்.