அப்பம் மட்டும்

கோயிலில் பாதிரி ஐயர் இராப்போஜனக் கிண்ணத்தைக் கையில் எடுத்ததுமே ஜெபராணி எட்டிப் பார்த்தாள். பெண்கள் பக்கத்துப் பாயில் இருந்தபடி, பீடத்தின் முன்னால் முழங்காலிட்டிருந்த ஆண்கள் வரிசையில் தன் புருஷன் நேசையாவின் முதுகைத் தேடினாள். இன்றைக்கு அவன் சபையறிய அப்பமும் கிண்ணமும் வாங்கி இராப்போஜனம் எடுத்துவிட்டால், முக்கூடல் துறையில் சபைத் தோணியின் துடுப்பு மறுபடியும் அவன் கைக்கு வரும். உபதேசியார் சுவிசேஷமுத்து அப்படித்தான் பேசி முடித்திருந்தார். ஆனால் கிண்ணத்தில் இருந்த திராட்சைரசம் அன்றைக்குப் பிழிந்த சாறா என்ன? நன்றாகப் புளித்த சரக்கு.

போன வருஷம் இதே பீடத்துக்கு முன்னால்தான் உபதேசியார் அவனைச் சாராயம் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்ய வைத்தார். நேசையா வாக்குத் தவறவில்லை. சாராயத்தை விட்டான், இடுப்புவலிக்கென்று தின்றுகொண்டிருந்த அபினை இரட்டிப்பாக்கினான். அதை யார் கேட்கப்போகிறார்கள், மருந்துதானே! சபையே அவனை மெச்சியது. அபின் கிறக்கத்தில் ஒருநாள் ஆட்களோடு தோணியை வெள்ளத்தின் போக்கில் விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். எல்லாரும் பிழைத்தது கர்த்தர் செயல். சபை துடுப்பைப் பறித்துக்கொண்ட வெட்கத்தில் சாராயமும் திரும்பி வந்தது.

அப்போதுதான் ஜெபராணிக்கு விளங்கியது. இது இரண்டு வியாதியில்லை, ஒன்றுதான். முன்வாசலை மட்டும் அடைத்தால் புறவாசல் வழியாக வரும். அபினைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். அவன் பார்க்கப் பார்க்கவே உருண்டையில் அபினைக் குறைத்துக் கருப்பட்டியைக் கூட்டினாள். சாராயத்தையும் அப்படியே பையப் பையக் குறைத்தாள். அவன் நடுங்கினான், சுவரெல்லாம் எறும்பு என்று அலறினான், அவளை அடிக்கக் கை ஓங்கினான். பிறகு அந்தக் கையாலேயே அவள் காலைப் பிடித்து அழுதான். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்றார்கள் பக்கத்து வீட்டுக்காரிகள். ஏறினால் பேயை இறக்காமல் வரமாட்டேன் என்றாள் இவள். கடைசியில் ஒரு காலையில் அவனே சொன்னான்: "ஏட்டி, இன்னைக்கு அபின் வேண்டாம். கருப்பட்டி மட்டும் தா."

கிண்ணம் அவன் முன்னால் வந்து நின்றது. நேசையா உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டான்.

"எனக்கு அப்பம் மட்டும் போதும் ஐயரே."

சபை விலக்கான பாவியைத்தான் கிண்ணம் தாண்டிப் போகும். உபதேசியார் பதறிக் குனிந்தார்.

"கிண்ணத்தைத் தள்ளக் கூடாது வே. துடுப்பு போயிரும்."

"போவட்டும் ஐயா. ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா நான் நிக்கமாட்டேன். அது கர்த்தருக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரிக்கும் தெரியும்."

கிண்ணம் அடுத்த ஆளுக்கு நகர்ந்தது. நேசையா தலை குனியாமல் நடு வழியாகவே நடந்து வந்தான். கல்யாணத்தன்றுகூட ஜெபராணி அவனைப் பார்த்து இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை, பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆராதனை முடிந்து அக்கரைக்காரர்கள் துறையில் கூடினார்கள். யாரும் தோணியில் ஏறவில்லை. நேசையா முழங்கால் தண்ணீரில் இறங்கித் தோணியை ஆடாமல் பிடித்துக்கொண்டான். ஜெபராணி வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக ஏறி, முன்பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கரைக்குப் போறவுக ஏறுங்க" என்றாள், ஊருக்கே கேட்கும்படி.

உபதேசியார் ஒரு கையில் துடுப்பும் மறு கையில் விரித்த குடையுமாக மணலில் நின்றார். ஆற்றைப் பார்த்தார், நேசையாவின் கைகளைப் பார்த்தார். பிறகு, உச்சிவெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே, குடையை மெல்ல மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துடுப்பை நேசையாவிடம் நீட்டினார்.