ஒரு சனிக்கிழமைக்கு ஒன்று

மூன்றாவது சனிக்கிழமையும் விஜயராணி ஒரே ஒரு பொம்மையைத்தான் எடுத்துக்கொண்டாள். கட்டிலில் விரித்திருந்த பழைய துப்பட்டாவின்மேல் பதினெட்டு பொம்மைகள் வரிசையாகப் படுத்திருந்தன. எல்லாம் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான உயரம். ஒன்றுக்குக் கறுப்பு முடி, ஒன்றுக்கு நாவல்பழ நிறத்தில் முடி, ஒன்று ராணி உடுப்பில், இன்னொன்று ஆபீஸுக்குப் புறப்பட்டது போல கோட்டும் பாவாடையும் போட்டுக்கொண்டு. அவள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். முழங்காலை மடக்கிப் பார்த்தாள். பிறகு மூக்கின்மேல் பொடிப்பொடியாக மச்சம் வரைந்திருந்த ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தரையில் உட்கார்ந்திருந்த சுஷ்மா கேட்டாள். "ஆன்ட்டி, மிச்சத்தை எப்போ எடுத்துப்பேள்? நான் எல்லாத்தையும் ஒரே லாட்டாத்தானே போஸ்ட் போட்டிருந்தேன்."

"ஒட்டுக்கா எடுக்க முடியாதும்மா. சம்பளத்துல ஓட்டுதவ நான். வாரத்துக்கு ஒண்ணுன்னா சமாளிச்சுக்கிடுவேன்."

"ஐயோ, நோ ப்ராப்ளம் ஆன்ட்டி. வேற யார்க்கும் குடுக்க மாட்டேன். உங்களுக்குத்தான்."

விஜயராணி சொன்னது பொய். எல்லா பொம்மைகளுக்கும் சேர்த்துக் கொடுக்கிற அளவுக்குப் பணத்தை முதல் சனிக்கிழமையே எடுத்து வந்திருந்தாள். அது இன்னமும் கைப்பையின் உள்ஜிப்பில் மடித்தபடியே இருந்தது. அன்றைக்குக் கதவு திறந்ததும் சுஷ்மா, "வாங்கோ, வெயில்ல வந்திருக்கேள், ஃபேன் அடியில உக்காருங்கோ" என்று சொன்னாள். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பொம்மைகளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசி முடித்தபோது, பணத்தைக் கொடுத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் இந்த அறைக்கு இனிமேல் வர வேண்டிய வேலை இருக்காது என்பது அவளுக்கு உறைத்தது. வாய் தானாகவே, "இப்போதைக்கு ஒண்ணு போதும்மா" என்று சொல்லிவிட்டது.

விஜயராணிக்கு நாற்பத்தாறு வயது. செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் முன்மேசையில் பத்தொன்பது வருடமாக இருக்கிறாள். காலை ஏழு மணி முதல் வருகிறவர்களிடம் பேர், வயது, வெறும் வயிறா என்று கேட்டு எழுதி, குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுவாள். அவளைக் கட்டியவன் இரண்டாம் வருடமே சூரத்துக்கு வேலைக்கென்று போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். அதற்கப்புறம் தம்பி செல்லப்பாண்டி, அவன் பெண்டாட்டி, பிள்ளை என்று நான்கு பேர் தாராவியில் ஒரே அறையில். குடிசையை இடித்து ஏழு மாடி கட்டிக் கொடுத்த பிறகும் அது ஒரே அறைதான்; காலை நீட்டிப் படுப்பதற்கு முறை வைக்காத குறை. போன வருடம் செல்லப்பாண்டி வெகுதூரம் தள்ளி நாலாசோப்பாராவில் சொந்தமாக வீடு வாங்கிக்கொண்டு போனான். சாமான் ஏற்றிய டெம்போ திரும்பியதும் அவள் மேலே வந்து கதவைச் சாத்தினாள். அந்த அறை அவ்வளவு பெரியது என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

முதல் பொம்மை தாதரில் கிடைத்தது. ஸ்டேஷனுக்கு வெளியே ஒருவன் தார்ப்பாயில் பழைய விளையாட்டுச் சாமான்களைக் குவித்து, எதை எடுத்தாலும் ஒரே விலை என்று கத்திக்கொண்டிருந்தான். உடைந்த காருக்கும் மூக்கில்லாத கரடிக்கும் நடுவில் ஒரு பொம்மை உடுப்பில்லாமல் தலைகீழாகச் சொருகிக் கிடந்தது. கடந்து போனவளுக்கு மனசு கேட்கவில்லை, திரும்பி வந்து எடுத்தாள். "பச்சி கே லியே?", பெண் குழந்தைக்கா, என்று அவன் கேட்டபோது, தலையை ஆட்டினாள். வீட்டில் குளியல் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து, ஒரு கர்ச்சீப்பைச் சுற்றிவிட்டு, டிவி பக்கத்தில் உட்கார வைத்தாள். அன்றைக்குச் சாப்பிடும்போது இரண்டு தடவை அதைப் பார்த்தாள். அடுத்த வாரமே போனில் தேட ஆரம்பித்தாள். கம்மி விலையில் பொம்மை சேர்ப்பது எப்படி என்று ஒரு வீடியோவில் ஒரு பெண் இந்தியில் சொல்லித் தந்துகொண்டிருந்தாள்: புதுசை வாங்காதீர்கள், பழசை வாங்கிச் சுத்தம் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள், எல்லாவற்றுக்கும் ஆசைப்படாதீர்கள். வளர்ந்தவர்களும் இதைச் செய்கிறார்கள், அதற்கென்று குழுக்கள் இருக்கின்றன என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அப்படி ஒரு குழுவில்தான் சுஷ்மாவின் அறிவிப்பைப் பார்த்தாள். இருபது பொம்மைகள், மொத்தமாக, மாட்டுங்காவில் நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமைகளில் அரை நாள்தான் வேலை. செம்பூரில் பஸ் ஏறி கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி, பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடிக்கு ஏறுவாள். சுஷ்மாவுக்கு இருபத்தேழு வயது. லோயர் பரேலில் ஏதோ கம்பெனியில் வேலை. கார்த்திகையில் கல்யாணம், மாப்பிள்ளை பெங்களூரில். அம்மா இல்லை, அப்பா வேங்கடசுப்ரமணியன் மட்டும். அவர் முதல் தடவை காபி கொண்டு வந்தபோது, "பொண்ணுக்கா வாங்கறேள்?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"இல்ல சார். எனக்குத்தான்."

சொன்ன பிறகு காது சூடாகிவிட்டது. வேறு யாரிடமும் அவள் அப்படிச் சொன்னதில்லை. அவர் கட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்டியா, பேஷ்" என்று சொல்லிவிட்டு டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சுஷ்மா எல்லாம் சொல்லித் தந்தாள். சிக்குப் பிடித்த முடியைக் கொதிநீரில் முக்கி, துணிக்குப் போடுகிற வாசனைத் திரவத்தில் ஊற வைத்து, நுனியிலிருந்து மேலே சீவிக்கொண்டு வர வேண்டும். மேலிருந்து சீவினால் கொத்தாக வந்துவிடும். மச்சமுள்ள பொம்மையின் தொடையில் யாரோ பால்பென்னால் கிறுக்கியிருந்தார்கள். அதற்கும் வழி இருந்தது.

"பிம்பிள் க்ரீம் தடவி வெயில்ல வெச்சுடுங்கோ ஆன்ட்டி. நாலு நாள்ல போயிடும். சச்சி, நிஜமா!"

விஜயராணி மருந்துக்கடையில் போய் முகப்பரு க்ரீம் கேட்டாள். கடைக்காரன் அவள் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தான். அதை அடுத்த சனிக்கிழமை சொன்னபோது சுஷ்மா கட்டிலில் சாய்ந்து சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க விஜயராணிக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதும் நினைத்து நினைத்துச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். வாரம் பூராவும் சுஷ்மாவிடம் சொல்வதற்காக எதையாவது சேர்த்து வைக்கிற பழக்கம் அப்படித்தான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லப்பாண்டி வந்தான். அவன் முன்பு சட்டை மடித்து வைக்கிற அலமாரித் தட்டில் ஏழு பொம்மைகள் நின்றன. பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஏக்கா, இது என்னத்துக்கு?"

"சும்மாதான்டே. பாக்க நல்லாருக்குல்லா."

 சாப்பிட்டான், பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினான். கிளம்பும்போது படிக்கட்டுவரை வந்தவளிடம் குரலைத் தணித்துச் சொன்னான். "அக்கா, தனியாக் கெடந்து மனசு ஒரு மாதிரியா இருந்தா சொல்லு. சயான்ல நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்காராம். சும்மா பேசுனாலே போதுமாம்."

"சரிடே. பஸ்ஸு போயிரும், கெளம்பு."

அவள் அதையும் சுஷ்மாவிடம் சொன்னாள், சிரிப்பாள் என்று நினைத்து. சுஷ்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த பொம்மையின் பின்னலைப் பிரித்தாள், மறுபடியும் பின்னினாள்.

"அவர் பெங்களூர் ஃப்ளாட்டை வீடியோ கால்ல காமிச்சார் ஆன்ட்டி. நான் இதெல்லாம் எங்க வெக்கலாம்னு கேட்டேன். 'எல்லாத்தையுமா கொண்டு வரே?'ன்னார். அவ்ளோதான். வேற ஒண்ணுமே சொல்லலை. சண்டை போட்டிருந்தாலாவது பிடிவாதமா ரெண்டை எடுத்துண்டு போயிருப்பேன்."

 அந்தத் தோளைத் தொடலாமா என்று விஜயராணி யோசித்தாள். யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்து, சுஷ்மா எழுந்து வெளியே போய்விட்டாள். அது எட்டாவது சனிக்கிழமை. அன்றைக்குப் பொம்மையைத் தேர்ந்தெடுக்க விஜயராணி கொஞ்சம் நேரம் அதிகமாக எடுத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சமையல் செய்துகொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. டெலிவரிக்காரர் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெரிய அட்டைப் பெட்டியுடன் நின்றார். லிஃப்ட் அன்றைக்கு ஓடவில்லை. பெட்டியைப் பிரிக்காமலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போனில் சுஷ்மாவின் குரல் வந்து கிடந்தது. அவளுக்குத் தமிழ் எழுத வராது, எப்போதும் குரல்தான் அனுப்புவாள்.

"ஆன்ட்டி, பாக்கி பன்னெண்டையும் அனுப்பிட்டேன். பைசா வேண்டாம், ப்ளீஸ். வாரா வாரம் நீங்க கஷ்டப்பட்டு வரேள், எனக்கு ரொம்ப கில்ட்டியா இருந்தது. இனிமே வெயில்ல அலைய வேண்டாம், சரியா? நன்னா பாத்துக்கோங்கோ."

அந்தக் குரலில் பாசம் இருந்தது. அதில் சந்தேகமே இல்லை. விஜயராணி அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். தனித்தனியாக மெல்லிய காகிதத்தில் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் தலைமுடி சீவி, ரப்பர்பேண்டு போட்டிருந்தாள் சுஷ்மா. ராணி, ஆபீஸ்காரி, நாவல்பழ முடிக்காரி. இரண்டு மாதமாக, அடுத்தது எது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போனாளே, அவ்வளவும் மடியைச் சுற்றிக் கிடந்தன. பதில் சொல்ல போனை வாயருகே கொண்டு போனாள். "என்கிட்ட ரூவா இருக்கும்மா, நான்..." என்று ஆரம்பித்து அழித்தாள். மறுபடி ஆரம்பித்து அழித்தாள். கடைசியில், "ரொம்ப சந்தோஷம்மா" என்று மட்டும் அனுப்பினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிவப்பு இதயம் வந்தது.

மறுநாள் சனிக்கிழமை. வேலை முடிந்து கால்கள் தாமாகவே பஸ் நிற்கிற இடத்துக்குப் போயின. கிங்ஸ் சர்க்கிள் பஸ் வந்தது, போனது. அடுத்ததும் வந்தது. அவள் எதிர்ப்பக்கம் கடந்து வீட்டுக்கு வந்து, பத்தாத இடத்தில் பொம்மைகளை இரண்டு வரிசையாக்கி அடுக்கினாள். பின்வரிசையில் நிற்பவை தெரியவில்லை. முன்வரிசையைக் கீழே இறக்கினாள். பிறகு திரும்பவும் ஏற்றினாள். மணி நான்குகூட ஆகவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை காலையில், வேலைக்குக் கிளம்பும் முன், தட்டின்முன் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஆபீஸ்காரியை எடுத்தாள். காலில் விரல்நகம் அளவுக்கு இரண்டு சிவப்புச் செருப்புகள் இருந்தன. இடது கால் செருப்பைக் கழற்றி, அஞ்சறைப் பெட்டியில் கிராம்புக்குள் போட்டு மூடினாள். பொம்மையைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.  அன்றைக்கு ஒரு குப்பிக்குச் சீட்டைத் தவறாக ஒட்டிப் பிரித்து எடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது மாடியில் வாசலெல்லாம் செருப்பு. கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஹாலில் புடவைப் பெட்டிகளும், ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்களும், நடுவில் இஞ்ச் டேப்புடன் ஒரு டெய்லரும். வேங்கடசுப்ரமணியன் அவளைப் பார்த்ததும் கையைக் கூப்பிக்கொண்டே, "வாங்கோ வாங்கோ, எங்க இவ்ளோ நாளாக் காணோம்?" என்றார். ஒரு மாமி யாரென்று கேட்பதுபோல அவரைப் பார்த்தாள். விஜயராணிக்குத் திரும்பி இறங்கிவிடலாம் போலிருந்தது. அதற்குள் சுஷ்மா ஒரு கை மட்டும் தைத்த ரவிக்கைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி! பொட்டி சரியா வந்துதோ? ஒண்ணும் உடையலையே?"

"நல்லபடியா வந்துதும்மா. ஒண்ணுக்கு மட்டும்..." பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "ஒத்தச் செருப்பக் காணும். இங்ஙன எங்கயும் கெடக்குதோ என்னமோன்னு... வேலையா இருக்கியேம்மா. நான் இன்னொரு நாள் வாரேன்."

சுஷ்மா பொம்மையை வாங்கி, வெறும் காலைப் பெருவிரலால் தடவினாள். "இதுக்கா? ஆனா பேக் பண்றச்சே ரெண்டும் இருந்ததே ஆன்ட்டி. நான்தானே போட்டு விட்டேன்..."

நிமிர்ந்து விஜயராணியின் முகத்தைப் பார்த்தாள். விஜயராணி கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டு பொம்மையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாலிலிருந்து யாரோ, "சுஷ்மா, டெய்லர் காத்திண்டிருக்கான்!" என்று கூப்பிட்டார்கள்.

"ஏக் மினிட்!" என்று கத்தினாள் சுஷ்மா. பிறகு, "வாங்கோ ஆன்ட்டி, தேடலாம்" என்று அவள் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

போனில் டார்ச்சைப் போட்டு, துண்டோடு தரையில் படுத்துக் கட்டிலுக்கடியில் தலையை விட்டாள். விஜயராணி ஒரு கணம் நின்றாள். பிறகு சேலையை ஒதுக்கி மண்டியிட்டு, அவளும் குனிந்து உள்ளே நுழைந்தாள். கட்டிலுக்கடியில் தூசி, பழைய சூட்கேஸ், சுருட்டி வைத்த பாய். வெளிச்சம் சுவர் ஓரமாக மெதுவாக நகர்ந்தது. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

"அந்த மூலையில பாருங்கோ ஆன்ட்டி" என்றாள் சுஷ்மா, மிக அருகிலிருந்து.

விஜயராணி கன்னம் தரையில் பதியப் படுத்து, கை எட்டும் மட்டும் இருட்டுக்குள் நீட்டித் துழாவினாள்.