கூடையில்லாத நடை

டொக்டர் நடக்கச் சொன்னதும் காளியாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பொறந்ததுலேருந்து நடந்துகிட்டுத்தானே இருக்கேன், டொக்டர்."

"அது வேலைம்மா. இப்ப அதுவும் இல்லையே. தினமும் காலையில கைய வீசி நடங்க. ரத்தத்துல சீனி கூடியிருக்கு. நடக்காட்டி இந்தச் சீனி வருத்தம் ஒங்கள விடாது."

டிக்கோயாவிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். சின்ன வயதிலேயே தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து கூடை மாட்டியவள். புருஷன் செத்த மறுவாரமும் மலையேறியவள். மகன் சுமன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டரானதும், "இனிமே கொழுந்துக்குப் போகாதீங்கம்மா. எனக்கு மரியாதையா இல்ல" என்றான். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ரோட்டோரம் கட்டிய புது வீட்டில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஐம்பதைத் தொடுமுன்னே வாசற்படி ஏறவே மூச்சு வாங்கியது.

தனியாக ரோட்டில் இறங்கத் தைரியமில்லை. மேட்டு லயத்து வீட்டில் இருக்கும் ராமாயியைக் கூப்பிட்டாள். பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்த சிநேகிதி. அவளுக்கும் சீனி, அவளும் இப்போது வீட்டோடுதான்.

முதல் நாள் கைகளை என்ன செய்வதென்றே இருவருக்கும் தெரியவில்லை. காளியாயி முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ராமாயி ஒரு வெறும் பையைச் சுருட்டி வைத்திருந்தாள்.

"பை எதுக்கு புள்ள?"

"யாராச்சும் கேட்டா கடைக்குன்னு சொல்லலாம்ல?"

பாக்டரி வளைவு வரை சிரித்துக்கொண்டே போனார்கள். நாளாக ஆகப் பையும் நின்றது, முந்தானையும் விடுபட்டது. மலையில் பேச்சென்றால் கங்காணியின் சத்தத்துக்கு நடுவே ஒரு சொல், அரைச்சொல். இங்கே ரோடு முழுக்க அவர்களுக்கு. பால்குடி மாறாமல் போன தன் முதல் பெண்பிள்ளையைப் பற்றி ராமாயி ஒருநாள் சொன்னாள். அதைப் புதைத்த கையோடு பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போனதையும், மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்ததையும். இத்தனை வருஷம் பக்கத்து நிரையில் நின்றும் காளியாயிக்கு அது தெரியாது. காளியாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆனாலும் அன்று வீடு திரும்பியபோது உடம்பு லேசாக இருந்தது.

பெரட்டுக்குப் போகும் பெண்கள் கேலி பேசினார்கள். "என்னக்கா, தொரச்சாணிமாரு ஆயிட்டீங்களா?" அதற்கும் சிரித்தார்கள்.

சுமன் சிரிக்கவில்லை. ஒரு சாயங்காலம் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான்.

"ரோட்டுல கைய வீசிக்கிட்டுப் போறீங்களாம். மாஸ்டர்மாரு சொல்லிச் சிரிக்கிறாங்க."

"டொக்டர் சொன்னாருப்பா."

"வீட்டுக்குள்ள நடங்களேன். தங்கச்சி ஷாமிலாவுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கோம். பொண்ணோட அம்மா இப்படித் திரியுறாங்கன்னு பேசினா என்ன செய்யிறது? ஒங்கள கும்புடுறேன்மா."

அவன் கத்தியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். கெஞ்சினான். அடுப்படியில் நின்ற மகள் ஷாமிலா குனிந்து அடுப்பை ஊதினாள்.

விடிந்ததும் ராமாயி வாசலில் நின்று குரல் கொடுத்தாள். மகன் தடுத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"மொழங்காலு வலிக்குது புள்ள. நீ போயிட்டு வா."

"நீ இல்லாம நான் எங்க போக? ஒத்தப் பொம்பளையா போனா சும்மா விடுவாங்களா?"

சில நாள் வந்து கேட்டாள். பிறகு வரவில்லை. ஷாமிலாவின் கலியாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் ராமாயி சற்று நொண்டி நடந்ததைக் காளியாயி பார்த்தாள். விருந்தாளிக் கூட்டத்தில் கேட்க நேரமில்லை.

அடைமழைக் காலத்தில்தான் செய்தி வந்தது. ராமாயி கால்விரலில் வந்த புண்ணைத் துணி சுற்றி மறைத்தே வைத்திருந்தாளாம். கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

காளியாயி போய்க் கட்டிலருகே நின்றாள். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகக் கிடந்தது. ராமாயி அவள் கையைத் தேடிப் பிடித்தாள்.

"ஒன் மொழங்காலு தேவலையா புள்ள?"

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் தன் பாரம் இறங்கும். இவளுக்கு என்ன மிஞ்சும்?

"தேவலை."

"அப்ப நட. என்னைய மாதிரி கெடந்துறாத."

மறுநாள் காலை காளியாயி தனியாக ரோட்டில் இறங்கினாள். எங்கே போகிறாய் என்று யார் யாரோ கேட்டார்கள். நிற்காமல் நடந்தாள். முகத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்து வாசலில் மற்ற மாஸ்டர்களோடு சுமன் நின்றிருந்தான். அவளைக் கண்டதும் அவர்களை விட்டு ரோட்டோரத்துக்கு வந்தான். அம்மா என்று கூப்பிட்டானோ என்னவோ, ஹட்டன் பஸ் ஒன்று இரைச்சலோடு நடுவே புகுந்து, சேற்றை வாரியடித்துக்கொண்டு போயிற்று. பஸ் போனபின் வெள்ளைச் சட்டையெல்லாம் சேறாக அவன் அங்கேயே நின்றிருந்தான். காளியாயி மூச்சு வாங்க ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தாள்.