செத்த பாம்பின் சீறல்

செங்கமலத்தின் வாயில் எப்போதும் ஒரே கேள்விதான்: “இளுக்குதா?” மகள் சொர்ணம் ஓடினாலும் கேட்பாள், சிரித்தாலும் கேட்பாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு மூச்சிழுப்பு இருந்தால் பெற்றவளுக்கு வேறென்ன தோன்றும்? கேட்கக் கேட்கச் சொர்ணத்துக்கும் லேசாக இழுப்பது போலத்தான் இருக்கும்.

அந்தப் பிள்ளைதான் ஆவுடையார்கோவிலில் கொட்டகை போட்டிருந்த டாக்கீஸுக்குப் போகவேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றது. இழுத்தால் உடனே சொல்லவேண்டும், பாதிப் படமானாலும் வீட்டுக்குத் திரும்பவேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி மருந்துப் புட்டியையும் மடியில் கட்டிக்கொண்டு, முதல் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனாள் செங்கமலம்.

பெண்கள் பக்கத்தில் மணலை மேடாகக் குவித்து உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்ததும் திரையில் ஓர் ஆளுயர நாகம் ராஜகுமாரியை நோக்கி ஊர்ந்தது. செங்கமலம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். வழக்கமான கேள்விகூட மறந்துபோயிற்று. பாம்பு சீறுவது காதோரத்திலேயே கேட்டது. என்ன ஜோராய்ப் பிடித்திருக்கிறான் படத்தை என்று மெச்சவும் செய்தாள், மகராசி!

ராஜகுமாரன் வந்து ஒரே வெட்டில் பாம்பைத் துண்டாக்கினான். விசில் பறந்தது. ஆரவாரம் அடங்கிய பிறகும் சீறல் மட்டும் நிற்கவில்லை.

பக்கத்திலிருந்த பூக்காரி சின்னப்பிள்ளைதான் முதலில் எழுந்தாள். மணலுக்குள் நிஜப்பாம்பு கிடக்கிறதென்று அவள் அலற, அத்தனை பெண்களும் தட்டியைத் தள்ளிக்கொண்டு ஆண்கள் பக்கம் பாய்ந்தார்கள். படம் நின்றது. பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்தது. சொர்ணமும் குனிந்து பாம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். செங்கமலம் அவளை வாரித் தூக்கினாள். சீறலும் கூடவே வந்தது.

பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தாள். சீறல் அங்கிருந்துதான் வந்தது. கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது.

“ஏண்டி, இம்புட்டு இளுக்குதே, சொல்ல வேணாமா?”

சொர்ணம் திருதிருவென்று விழித்தாள். “எனக்கா இளுக்குது? பாம்புன்னுல்ல நெனச்சேன்.” சொன்ன கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். “ஆமாத்தா, இளுக்குது.”

பிள்ளை பொய் சொல்லவில்லை. இந்த நொடிவரை அதற்கே தெரியவில்லை. செங்கமலம் அவளை வெளியே தூக்கிவந்து மருந்தைக் கொடுத்தாள். டிக்கெட் கிழிக்கும் மரியசெல்வம் ஸ்டூலும் வெந்நீரும் கொண்டுவந்தார். காற்றாட நிமிர்ந்து உட்கார, மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. உள்ளே படம் மறுபடி ஓடத் தொடங்கியது. சத்தியம் நினைவுக்கு வந்து சொர்ணம் தலையைத் தொங்கப்போட்டாள்.

அசடு வழிய வந்து நின்ற சின்னப்பிள்ளை, பாட்டு முடிந்ததிலிருந்தே அந்தச் சத்தம் தனக்குக் கேட்டது என்றாள். செங்கமலத்துக்குச் சுருக்கென்றது. அவளுக்கும்தானே கேட்டது! பெற்றவளே மெய்மறந்து உட்கார்ந்திருக்க, பச்சைப்பிள்ளையிடம் சத்தியம் வாங்கினால் ஆயிற்றா?

மகளின் நெஞ்சில் மறுபடி காதை வைத்தாள். அமைதியாக இருந்தது. உள்ளே போய் வாசலோரமாய் உட்கார்ந்து, அவளை மடியில் இருத்தி, உள்ளங்கையை அந்தச் சின்ன நெஞ்சில் பதித்துக்கொண்டாள்.

“நீ படத்தப் பாரு. பாம்பு வந்தா நான் சொல்றேன்” என்றாள்.