எட்டு மணிக்கு வருகிறவள்

வீட்டிலேயே அப்பாவைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் மகளுக்குச் சம்பளம் தரும் என்ற தாளில் கையெழுத்தான மறுநாள், காலை எட்டு மணிக்கு அவள் அவருக்கு மகளாக இல்லாமல் போனாள்; பன்னிரண்டு மணிக்கு மறுபடி மகளானாள். அவருக்கு மறதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முப்பத்தொரு வருடம் லாரிகளுக்கு எடை போட்டவர், ஒரு மூட்டை கூடினாலும் வண்டியைத் திருப்பி அனுப்பியவர், ஊரில் அவருக்குப் பெயரே கறார். எண்பத்திரண்டு வயதிலும் பழைய வண்டி எண்கள் அத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சம்பளம் ஓடும் அந்த நான்கு மணி நேரமும் தெருவுக்கே அவளை அடையாளம் தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அவ இல்லையா? வந்தா நான் தேடினேன்னு சொல்லுங்க" என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போனாள். வெளியூரிலிருந்து அண்ணன் போன் செய்து, "தங்கச்சிகிட்ட குடுங்க" என்றான். பத்து மணிக்கு மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியவளின் சாவி தன் வீட்டுப் பூட்டில் திரும்ப மறுத்தது. கறார் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து கதவைத் திறக்க அரை மணி நேரம் ஆயிற்று.

அப்பா குளியலறையில் விழுந்தபோதே காலுறைத் தொழிற்சாலை வேலையை அவள் விட்டிருந்தாள். அண்ணன் அறிவுரையை மட்டும் தவறாமல் அனுப்பி வைப்பான். இந்தச் சம்பளம் இல்லையென்றால் அப்பாவை முதியோர் இல்லத்தில்தான் சேர்க்க வேண்டும், அதனால் அவள் அந்த நான்கு மணி நேரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பழகிக்கொண்டாள். முதல் நாள் வாய் தவறி "அப்பா" என்றதற்கு அவர், "என்னை அப்பான்னு கூப்பிட ஒருத்திதான் இருக்கா. நீங்க ஐயான்னே கூப்பிடுங்கம்மா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். குளிப்பாட்டும்போது துண்டை இறுகப் பிடித்துக்கொண்டு கூச்சத்தில் கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் மகளிடம் பேசாததையெல்லாம் வேலைக்காரியிடம் பேசினார். ஒருநாள் நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது, "அவ கல்யாணம் நின்னுபோனதுக்கு நான்தாம்மா காரணம். அந்தப் பையன் ரெண்டு தடவை வீடு தேடி வந்தான். வாசல்லயே நிறுத்தி அனுப்பிட்டேன், அவகிட்ட சொல்லவே இல்ல" என்றார்.

அவள் அவருடைய அடுத்த விரலைப் பிடித்தாள். இருபது வருடமாக அவன் வரவே இல்லை என்று நினைத்திருந்தவள் அவள். "அவங்ககிட்டயே சொல்லலாமே, ஐயா" என்றாள்.

"பெத்த பொண்ணு முகத்தப் பாத்து எப்படிம்மா சொல்றது?"

பன்னிரண்டு அடித்ததும் அவர் அவளைப் பார்த்து, "வந்துட்டியா? சாப்பிட்டியா?" என்று கேட்டார். கோபப்படவும் முடியாமல், மன்னித்தேன் என்று சொல்லவும் வழியில்லாமல் அவள் தட்டை எடுத்து வைத்தாள்.

இப்படி இரண்டு வருடம் போனது. அவர் தளர்ந்துகொண்டே வந்தார். எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் என்பதைத் தீர்மானிக்க அலுவலகத்து அம்மாள் மறுபடி வருவதாகக் கடிதம் வந்தது. சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா, தானாக நிற்க முடிகிறதா என்று அந்த அம்மாள் கேட்பார். எத்தனை முடியவில்லையோ அத்தனைக்கு நேரம் கூடும். பத்து மணி நேரம் கிடைக்கும் என்று பேச்சு. முந்தின நாள் காலை கறார் வேலைக்காரியிடம், "நேரத்தக் கூட்டிட்டா நீங்க நாள் பூரா இருப்பீங்க. அப்ப என் பொண்ணு எப்பம்மா வருவா?" என்று கேட்டார். அவள் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். மத்தியானம் மகளாகி, "நாளைக்கு ஒருநாள் மட்டும் முடியலன்னு சொல்லிடுங்கப்பா" என்று கெஞ்சினாள். "பாக்கலாம்" என்றார் அவர்.

மறுநாள் அவர் தானே முகம் மழித்துக்கொண்டார், இரண்டு இடத்தில் வெட்டு. ஆறு பொத்தானையும் தானே போட்டார். அலுவலகத்து அம்மாள் உள்ளே வந்ததும் எழுந்து நின்று வரவேற்று, வாக்கர் இல்லாமல் ஜன்னல் வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். இவருக்கு ஆளே தேவையில்லை என்று எழுதிக்கொண்டு அந்த அம்மாள் சந்தோஷமாகப் போனார். அன்று படுத்தவர் பிறகு கட்டிலை விட்டு இறங்கவில்லை. மகள் ஆத்திரத்தில் ஒரே பாத்திரத்தை மூன்று தடவை கழுவினாள்.

சம்பளம் நின்ற ஒன்றாம் தேதி எட்டு அடித்தது. அவர் அவளைப் பார்த்து, "என்ன இன்னிக்கு, காலையிலேயே வந்துட்டே?" என்றார்.

"வேலை போயிடுச்சுப்பா."

"நல்லதாப் போச்சு."

பத்தொன்பது நாள் அவள் காலை முதல் மாலை வரை மகளாகவே இருந்தாள். தன் தையல் மெஷினை விற்று வீட்டு வாடகை கொடுத்தாள், அடுத்த மாத வாடகைக்கு விற்க அவளுடைய கட்டில் காத்திருந்தது. அவளுக்குக் கவலை இல்லை, அவ்வளவு சந்தோஷமாக அவள் எப்போதும் இருந்ததில்லை. கடைசி நாள் நகம் வெட்டும்போது அவர், "காலையில வருமே, அந்தப் பொண்ணு. உங்கிட்ட ஏதாவது சொல்லுச்சா?" என்று மெல்லக் கேட்டார்.

"எல்லாத்தையும் சொன்னாப்பா."

அவர் அவள் விரலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிப்போனார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எடுத்தார்கள். தலைமாட்டில் மகள் நின்றாள், கால்மாட்டில் எட்டு மணிக்கு வருகிறவள் நின்றாள். அண்ணன் இருவருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னான். யார் அதிகம் அழுதது என்பதில் தெருவில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இருவரும் வந்திருந்தார்கள் என்பதில் இல்லை. எதிர்வீட்டுக்காரி இரண்டு கோப்பையில் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டும் காலியாகத் திரும்பி வந்தன.